நாற்பத்தெட்டாவது கம்பி

இல்யாஸ் மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். முதலில் பிளேடு விழுந்தது, அடுத்து ஆப்பு, அப்புறம் ஒரு பக்கம் வெடித்துப் பிளந்த வாகைக் கட்டை. கடைசியாகச் சுண்டுவிரல் தடிமனில் ஒரு பித்தளைக் கம்பி உருண்டு போய் சஃபியாவின் காலடியில் நின்றது.

"பாத்துக்குங்க அண்ணி. உங்க கை பண்ணுன வேலையை நல்லாப் பாத்துக்குங்க."

நான் வாசலில் நின்றிருந்தேன். என் பெயர் பாலுசாமி. சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். பதினாறு வருடமாகக் கோவை கரும்புக்கடைப் பகுதியில் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். கலீல் ரஹ்மான் வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. அங்கே செய்கிற மரச்சாமான் எல்லாம் என் வண்டியில்தான் போகும். அதனால் அந்த வீட்டுச் சண்டை எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. நானாகப் போய்க் கேட்பதில்லை, வண்டி ஏற்றி முடிக்கும் வரை காது சும்மாவா இருக்கும்?

சஃபியா கலீலின் மனைவி. இல்யாஸ் கலீலின் தம்பி, சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். அண்ணன் கட்டையை அறுத்து வாய் வெட்டுவார், தம்பி பித்தளைச் சாமான் கடைந்து அனுப்புவான், இரண்டையும் பொருத்தி இழைப்புளியாக்குவது சஃபியா.

அவள் கீழே குனிந்து பிளேடை எடுத்தாள். கூர் முனையில் பழுப்பாக எதுவோ காய்ந்திருந்தது.

"இதென்ன கறை?"

"ரத்தமுங்க. பின்ன வெத்தலைச் சாறா? காரமடைக்கு அக்கட்ட அந்த மரவேலைப் பள்ளிக்கூடத்துக்கு அறுபது எழப்புளி அனுப்புனமல்ல, அதுல ஒண்ணு. இழைச்சுக்கிட்டு இருக்கறப்பவே வெடிச்சுப்போச்சு. பிளேடு எகிறி, புடிச்சிட்டிருந்த புள்ளையோட கை அதுமேலயே போயிருச்சு. ரெண்டு விரலு நரம்பு அறுந்துபோச்சாம்."

"யா அல்லா. எந்தப் புள்ளை?"

"புவனான்னு ஒரு பொம்பளப் புள்ளை. பத்தொம்பது வயசாம்."

சஃபியா பிளேடைக் கீழே வைத்தாள். அதை வைத்த விதத்தைப் பார்த்தால் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது மாதிரி இருந்தது. இல்யாஸ் அதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"அங்க மேனேஜர் அருண்குமாருன்னு ஒருத்தரு. அவுரு எழுதி அனுப்பிச்சிருக்காரு. டிரஸ்ட்டுல காட்டோணுமாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாச் சோலி முடிஞ்சுது."

சஃபியா வாய்விட்டுப் படித்தாள். "'மேற்படி இழைப்புளியின் குறுக்குக் கம்பியை உறுதியாகப் பொருத்தாத எனது கவனக்குறைவால் இவ்விபத்து நேர்ந்தது.' உறுதியாப் பொருத்தாத? நானா?"

"பின்ன நானுங்களா? கம்பி கடைஞ்சது நானு. கட்டை அறுத்தது அண்ணன். வைஸ்ல வெச்சு ஏத்துனது நீங்க. என்ர கம்பி நெளியல, ஒடையல. இதா கெடக்குது பாருங்க, புதுசாட்ட. அப்பத் தப்பு எங்க? பொம்பளக் கை, அமுக்கம் பத்தல. நான் குத்தமாச் சொல்லலீங்க அண்ணி, இருக்கறதச் சொல்றன்."

எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வெளியூர்க்காரன் கேட்டால் கொஞ்சிக் குலாவுகிறார்கள் என்று நினைப்பான். சஃபியா எப்போதும் கொழுந்தனை 'நீ' என்றுதான் பேசுவாள். இப்போது எழுந்து நின்றாள்.

"ஏனுங்க தம்பி, லேத்து ஓட்டறவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்களா? இந்தப் பொளப்பப் பாருங்க. எங்க ஆரம்பிச்சிருக்குது? ஓட்டையில. எந்தப் பக்கம் போயிருக்குது? ரேகையோடயே மேல போயிருக்குது. அமுக்கம் பத்தாத கம்பி கழண்டு கீழ உழுகுமுங்க. மரத்தப் பொளக்காதுங்க. அமுக்கம் எச்சாப் போனாத்தானுங்க பொளக்கும். ரெண்டு முனையிலயும் பல்லு வெட்டி, ஓட்டையச் சின்னதா அடிச்சு ஏத்தச் சொன்னது யாருங்க?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"இல்யாஸ்," என்றார் கலீல் உள்ளிருந்து. அவ்வளவுதான் சொன்னார்.

கலீல் ரஹ்மான் நல்ல மனிதர். ஊர் அப்படிச் சொல்வதற்குப் பாதிக் காரணம் அவர் வாயைத் திறக்காததுதான். இல்யாஸ் காகிதத்தைப் பட்டறை மேசையில் வைத்து, மேலே ஒரு உளியைப் பாரமாக வைத்துவிட்டு, "வியாழக்கெழமை அங்க போகோணும். கையெழுத்தோட வந்துருங்க" என்று புல்லட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

பல் வெட்டி ஏற்றச் சொன்னது யார் என்று அவள் கேட்டதற்குப் பதில் எனக்கே தெரியும். போன ஐப்பசியில் சிங்காநல்லூரிலிருந்து அந்தக் கம்பிகளை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கியது என் வண்டிதான்.

இழைப்புளியின் வாய்க்குள் பிளேடு சாய்வாக உட்காரும். அதன்மேல் ஆப்பு. ஆப்பை நழுவவிடாமல் பிடிப்பது இரண்டு பக்கச் சுவருக்கும் குறுக்கே போகிற அந்தக் கம்பி. தச்சன் ஆப்பைத் தட்டத் தட்ட அத்தனை பாரமும் கம்பியில்தான் விழும். இல்யாஸுக்கு உடம்பெல்லாம் பம்புசெட் மூளை. ஷாஃப்டில் பேரிங் ஏற்றுகிற மாதிரி, ஓட்டையைக் கம்பியைவிட ஒரு மயிரிழை சின்னதாகத் துளைத்து, கம்பியின் இரண்டு முனையிலும் வரி வரியாகப் பல் வெட்டி, வைஸில் வைத்து நெருக்கி ஏற்றினால் ஆயுசுக்கும் அசையாது என்பது அவன் கணக்கு. இரும்புக்கு அது சரியான கணக்குத்தான். இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் கணக்கில்தான் சோறு தின்கிறார்கள்.

சஃபியா அன்றைக்கே சொன்னாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பட்டறை ஓட்டில் தண்ணீர் ஒழுகி, மூலையில் வாகைக் கட்டைகள் தார்ப்பாயில் மூடிக் கிடந்தன.

"வேண்டாம் இல்யாஸ். இரும்புக்கு ஒரே அளவு. மரம் மழைக்கு ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு. இப்ப இது தண்ணி குடிச்சு ஊதிக் கெடக்குது. மாசிக் காத்துக்குச் சுருங்கும். உன்ர கம்பி சுருங்குமா? சுருங்காது. மரம் எங்க போகும்? வெடிக்கும். ஒரு பக்கம் புடிச்சு ஒரு பக்கம் உட்ரோணும். கம்பியில பள்ளமாட்ட ஒரு காடி ராவி, அடியில இருந்து சின்னத் திருகாணி ஒண்ணு குடுத்தாப் போதும். கம்பி வெளிய வராது, ஆனாச் சுத்தும். மரத்துக்கும் போக வர எடம் இருக்கும்."

"சுத்துற கம்பிய வெச்சு அனுப்புனா, லூசா இருக்குதுன்னு திருப்பி அனுப்பிப்போடுவாங்க அண்ணி. டைட்டா இருக்கோணும். தொட்டா அசையக்கூடாது. அதானுங்க குவாலிட்டி."

சஃபியா புருஷனைப் பார்த்தாள். கலீல் கட்டையின் வாயை உளியால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். "அவன் லேத்துல இருபது வருசம் இருக்கறான். அவஞ் சொல்றபடியே செஞ்சுபோடலாம்" என்றார். தலையைத் தூக்கவேயில்லை.

பத்து நாளில் அறுபதுக்கும் கம்பி ஏறிவிட்டது. வண்டியில் ஏற்றுகிற அன்று சஃபியா, "இன்னும் நாலு நாள் குடுங்க, கொஞ்சம் வேலை இருக்குது" என்று கேட்டாள். நான்தான், "அம்மணி, மழை இருட்டிக்கிட்டு வருது. ஏத்துனா ஏத்துங்க, இல்லாட்டி நான் வேற லோடு போறன்" என்றேன். இதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு மறைத்தான் என்று யாரும் பேசக்கூடாது.

இல்யாஸ் வந்து கத்திவிட்டுப் போன அன்று நோன்பு பதினேழோ பதினெட்டோ. மாசி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பொழுதோடு நோன்புக் கஞ்சி வாங்கிக்கொள்ளப் போனேன். வருடா வருடம் எனக்கென்று ஒரு தூக்கு அந்த வீட்டில் எடுத்து வைத்திருப்பார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கலீல் பேரீச்சம்பழம் ஒன்றைக் கடித்துத் தண்ணீர் குடித்தார். சஃபியா தண்ணீர் மட்டும் குடித்தாள். கஞ்சி ஆறி ஆடை கட்டியது.

"கையெழுத்துத்தானே சஃபி. போட்டுர்லாம்" என்றார் கலீல்.

"எதுக்கு?"

"அவன் அங்க நாலு பேருக்கு முன்னாடி நிக்கறவன். அவம் பேரு கெட்டா லேத்துக்கு வேலை வராது. நீ ஊட்டுக்குள்ள இருக்கறவ. உனக்கு என்ன கொறைஞ்சுபோகுது?"

சஃபியா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் இறங்கித்தான் வந்தது.

"எனக்குப் பேரே இல்லைங்கறீங்க. இருபத்தோரு வருசமா இந்தப் பட்டறையில எத்தன கட்டைக்குக் கம்பி போட்டிருக்கறன்? ஒண்ணு கழண்டு வந்துருக்குதா? ஒண்ணு? பழி ஒரு எடம், பாவம் ஒரு எடமா? அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னப்ப உங்க காது எங்க இருந்துச்சு? ஊமை ஊரக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமுங்க. மரத்த உங்களவுக்கு யாருக்குந் தெரியாது. தெரிஞ்சும் தம்பி மூஞ்சி வாடிருமேன்னு குனிஞ்சுக்கிட்டீங்க. இப்ப என்னயக் குனியச் சொல்றீங்க."

"நோம்பு நேரத்துல கோவப்படக் கூடாது."

"பொய்க் கையெழுத்துப் போடலாமா நோம்பு நேரத்துல?"

கலீல் கஞ்சியில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன். சஃபியா வாசல் வரை வந்து சொன்னாள்.

"பாலுண்ணா, வியாழக்கெழமை வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. நானே போறன். அங்க வெச்சு நிரூபிக்கறன்."

"நிரூபிக்கறதுக்கு என்ன அம்மணி இருக்குது?"

"இருக்குது" என்றாள். முகத்தில் ஒரு மினுக்கம் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது பிடித்திருந்தது.

வியாழன் காலை என் வண்டியில் முன் இருக்கை ஒன்றுதான் காலி. கலீல் கதவைத் திறக்கப் போனார். "நான் முன்னாடி உக்காந்துக்கறன். நீங்க பின்னாடி ஏறிக்குங்க" என்றாள் சஃபியா. வெடித்த கட்டையும் கம்பியும் போட்ட மஞ்சள் பை அவள் கையில் இருந்தது. கோவையின் பெயர்போன நல்ல மனிதர் சாக்கு மூட்டைபோல் பின்னால் உட்கார்ந்து வந்தார். கவுண்டம்பாளையம், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் என்று ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியில் பார்த்தேன். தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

காரமடை தாண்டினால் காற்று மாறும். பாக்குத் தோப்பும் கருவேப்பிலைக் காடும் மாறி மாறி வந்தன. அத்தனை பச்சையிலும் காற்று மட்டும் உலர்ந்து, உதட்டை வெடிக்க வைத்தது. சஃபியா கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தாள்.

"எப்படி உறிஞ்சுது பாருங்க பாலுண்ணா. ஈரத்துணிய நீட்டுனா மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள காஞ்சுரும். மரம் என்னத்துக்கு ஆகும்?"

பள்ளிக்கூடம் என்றால் நீளமான தகரக் கொட்டகை, அவ்வளவுதான். வாசலில் இல்யாஸின் புல்லட் ஏற்கெனவே நின்றது. அருண்குமார் முப்பது வயது தாண்டாத ஆள். வாங்க வாங்க என்று நாற்காலி போட்டு, மோர் கொண்டுவரச் சொன்னார். "நோம்புங்க" என்றார் கலீல். அருண்குமாருக்கு முகம் சுருங்கிப் போய், எனக்கு மட்டும் ஒரு டம்ளர் வந்தது. அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

சுவர் ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் முழங்கை வரை கட்டு. பக்கத்தில் அவள் அம்மா. கருவேப்பிலைக் கட்டுக் கட்டுகிற வேலை போலிருக்கிறது, விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. பெயர் குழந்தையம்மாள் என்று அருண்குமார் சொன்னார். அந்த அம்மாள் கும்பிட்டாள்.

"கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்தீங்களா அண்ணி?" என்றான் இல்யாஸ்.

சஃபியா அவனைப் பார்க்கவேயில்லை. "ஏனுங்க சார், மிச்சம் அம்பத்தொம்பதும் இங்கதான இருக்குதுங்க? எல்லாத்தையும் எடுத்து மேசையில வெக்கச் சொல்லுங்க."

அடுக்கிலிருந்து எடுத்து வைத்தார்கள். அவள் செல்போன் விளக்கை எரியவிட்டு ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் பார்த்து இடம் வலமாகப் பிரித்தாள். இடது பக்கம் பன்னிரண்டு சேர்ந்தது. வலது பக்கம் நாற்பத்தேழு.

"இங்க வந்து பாருங்க சார். இந்தப் பன்னெண்டுலயும் வாய்க்குள்ள ரெண்டு புள்ளி குத்தியிருக்குது. தெரியுதுங்களா? இப்பக் கம்பியத் தொடுங்க."

அருண்குமார் விரலை விட்டுத் திருப்பினார். கம்பி சுற்றியது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"இப்ப இந்தப் பக்கம். புள்ளி இல்லாதது."

வலது பக்கத்துக் கம்பி ஒன்றும் அசையவில்லை. ஓட்டையைச் சுற்றி விளக்கடித்தபோது தெரிந்தது. தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓட்டையிலிருந்து மேலே ஓடியது. அடுத்ததில் இரண்டு கோடு. பத்தொன்பது கட்டையில் இப்படிக் கோடு விழுந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் இந்தக் காற்று அடித்தால் மிச்சமும் விழும்.

"பல்லு வெட்டி நெருக்கி ஏத்துனது அத்தனையும் இதுங்க. அது எங்க தம்பியோட கணக்கு. நான் என்ர கணக்குல பண்ணுனது அந்தப் பன்னெண்டு. பல்ல அரத்துல ராவிப்போட்டு, காடி வெட்டி, திருகாணி குடுத்தது. இல்யாஸ், இப்பச் சொல்லு. யாரு கையில அமுக்கம் பத்தல?"

இல்யாஸ் ஒரு கட்டையை எடுத்துக் கோட்டை நகத்தால் கீறிப் பார்த்தான். அழிந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. திரும்பவும் அதே இடத்தில் வைத்தான்.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. சுவர் ஓரத்திலிருந்து அந்தப் பெண் புவனா பேசினாள்.

"அப்ப என்ர தப்பு இல்லீங்களா?" அவள் அருண்குமாரைத்தான் கேட்டாள். "நான் ஆப்பை எச்சா அடிச்சுப்போட்டன்னு சொன்னீங்க. நான் ரெண்டு தட்டுத்தானுங்க தட்டுனன்."

"உன்ர தப்பு இல்ல கண்ணு. துளியும் இல்ல" என்றாள் சஃபியா.

அருண்குமார் சஃபியா பக்கம் திரும்பினார். "அப்ப அந்தப் பேப்பர மாத்தி எழுதோணுமுங்க. உங்க பேரு அதுல வராதுங்க அக்கா."

சஃபியா தலைமுக்காட்டை இழுத்துச் சரி செய்துகொண்டாள். இருபத்தோரு வருடத்துக் கூலி அந்த நிமிடத்தில்தான் கைக்கு வந்தது போல் நின்றாள். அப்போது குழந்தையம்மாள் எழுந்து மேசைக்கு வந்தாள். ஒரு கட்டையைத் தூக்கி அதன் வாய்க்குள் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"இது வெடிக்கும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. சொன்னனுங்க. கேக்கல. இதா, இவுரு இருக்கறாரு, கேளுங்க. இந்த வண்டிக்காரண்ணனக் கேளுங்க."

"சரிங்க. சொன்னீங்க. அப்பறம் பன்னெண்டு மட்டும் ஏனுங்க?"

"நேரம் இல்லீங்க. லோடு ஏத்தோணும்னு..." சஃபியா என் பக்கம் திரும்பினாள். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன்.

"அதுவுஞ் சரிங்க. அந்தப் புள்ளி எதுக்குங்க?"

சஃபியா புள்ளி குத்திய கட்டை ஒன்றைக் கையில் எடுத்தாள். வெளியே சாலையில் ஊட்டிப் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"அடையாளத்துக்குங்க," என்றாள் கடைசியில். "பின்னால... எது நிக்குது, எது வெடிக்குதுன்னு பாத்தா... யாரு சொன்னது சரின்னு..."

"சோதிச்சுப் பாக்கறதுக்குங்களா?"

சஃபியா செல்போன் விளக்கை அணைத்தாள்.

"உங்கூட்டுக்குள்ள யாரு பேச்சு செயிக்கும்னு பாக்கறதுக்கு என்ர புள்ள கைதானுங்களா கெடச்சுது?" குழந்தையம்மாளின் குரல் உயரவே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை சேர்த்துத்தான் வந்தது. "இந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்களுக்குத் தெரியாதுங்க. அந்தத் தம்பி இரும்பு வேலை, அவுருக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமல்லங்க? ஒரு போனு பண்ணியிருந்தா ஆகாதுங்களா? புள்ளி வெச்சத எடுங்க, மத்தத எடுக்காதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. மாசக்கணக்கா இருந்துச்சுங்களே. மழை நின்னுது, பனி நின்னுது, வெயில் வந்துது. ஒரு நாளாச்சும் நெனப்பு வரலீங்களா?"

"வந்துதுங்க," என்றாள் சஃபியா. "தினமும் வந்துதுங்க."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கே பொறுக்கவில்லை. ஆனால் அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அதற்காகத்தானே அத்தனை சண்டையும்.

குழந்தையம்மாள் கட்டையை வைத்துவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சஃபியாவின் முகம் உலர்ந்து வெளிறிப் போயிருந்தது. மஞ்சள் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள்.

"பேனா குடுங்க சார்."

"அக்கா, அதுதான் வேற எழுதறன்னு..."

"குடுங்க."

'உறுதியாகப் பொருத்தாத' என்பதை அடித்தாள். 'எனது கவனக்குறைவால்' என்பதை அடித்தாள். அடித்த இடத்துக்கு மேலே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெரிய பெரிய எழுத்தில், 'வெடிக்கும் என்று தெரிந்தே அனுப்பினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைப் புருஷனிடம் நீட்டினாள்.

"உங்களுக்குந் தெரியும். போடுங்க."

கலீல் ரஹ்மான் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"வா, போடு."

"எனக்கென்னுங்கண்ணா? அந்தம்மாவே சொல்றாங்க, எனக்குத் தெரியாதுன்னு."

"போடுடா!" என்றார் கலீல். பதினாறு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "அன்னைக்கு அவ சொன்னப்ப உன்ர காதுல உழுகலையா? தெரியாதுன்னா தெரிஞ்சவ சொன்னதக் கேக்கோணும். நானும் கேக்கல, நீயும் கேக்கல."

இல்யாஸ் புல்லட் சாவியை எடுத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான். புல்லட் சத்தம் மேட்டுப்பாளையம் ரோட்டில் தேய்ந்து போனது. அவன் கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது.

"சார், ஒரு சுத்தியலும், இந்தக் கம்பியை விடச் சன்னமா ஒரு இரும்புத் துண்டுங் குடுங்க" என்றாள் சஃபியா. "இதுல ஒண்ணுகூட இனி யாரு கைக்கும் போகக் கூடாது."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கலீல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவள் இரும்புத் துண்டைக் கம்பி முனையில் வைத்து அடித்தாள். நெருக்கி ஏற்றியது லேசில் வருமா? நாலு அடி, ஐந்து அடி அடித்தால்தான் ஒன்று வெளியே வரும். சில கட்டை கம்பியோடு சேர்ந்து பிளந்தது. நான் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். பேசுவதற்கு எனக்கு முகம் இல்லை, வாளி வைக்க மட்டும் கை இருந்தது. கம்பி விழுந்து 'ணங்' என்றது.

"ஒண்ணுங்க" என்றாள் குழந்தையம்மாள்.

நாற்காலியை இழுத்து வந்து சஃபியாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். அடுத்த கம்பி விழுந்தது. "ரெண்டுங்க."

வெயில் தகரத்தின் மேல் உச்சிக்கு ஏறியது. சஃபியாவின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. நோன்பு வாய், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இருபது தாண்டும்போது கட்டை விரலில் கொப்புளம் வந்து உடைந்தது. கலீல், "நான் அடிக்கறன், குடு" என்றார். அவள் கொடுக்கவில்லை. அருண்குமார் குழந்தையம்மாளிடம் சாப்பிடக் கூப்பிட்டார். "போச்சாதுங்க, வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். புவனா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி அம்மாவையும் சஃபியாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு விரலும் முன்போல மடங்குமா என்று ஆறு மாதம் போனால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

மூன்று மணி இருக்கும். கடைசிக் கட்டையிலிருந்து கம்பி வாளியில் விழுந்தது.

"நாப்பத்தேழுங்க" என்றாள் குழந்தையம்மாள். எழுந்திருக்கவில்லை. "அறுவதுல பன்னெண்டு போனா நாப்பத்தெட்டல்லங்க? இன்னொண்ணு?"

சஃபியா நிமிர்ந்து பார்த்தாள். சுத்தியலைக் கீழே வைத்தாள். மஞ்சள் பையை இழுத்து, வெடித்த கட்டைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, அந்தப் பித்தளைக் கம்பியை எடுத்தாள். வாளியில் போடப் போனாள்.

குழந்தையம்மாள் கையை நீட்டினாள்.

"அது எங்கிட்ட இருக்கட்டுங்க."

சஃபியா கொடுத்தாள். அந்த அம்மாள் அதை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டு, மகளின் நல்ல கையைப் பிடித்து எழுப்பி, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் நடந்து போனாள்.